நிற்காத சிவப்பு

தீவன ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் அதிகாரி உட்கார்ந்திருப்பார். சரக்கு கொண்டுவருகிறவர்கள் நல்லதோ கெட்டதோ நின்றபடிதான் கேட்டுக்கொள்ள வேண்டும். கணவன் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு அவள் அந்த அறையில் நல்லது கேட்டதே இல்லை.

அதிகாரி மேசைமேல் இருந்த வெள்ளைத் தட்டில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினார். சட்டைப்பையிலிருந்து வண்ண விசிறியை எடுத்து விரித்தார். வெளிறிய மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சு வழியாகச் செங்கல் நிறம் வரை போகும் அட்டைகள் அவை. முட்டைக் கருவின் நிறத்தை அளக்க அதுதான் கோல். ஒவ்வோர் அட்டையாகக் கருவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், மஞ்சள் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

“பாருங்க மேடம். இது உங்க பொடியத் தின்ன கோழி. அது ஒண்ணுமே தின்னாத கோழி.” இன்னொரு தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். “ரெண்டு படத்துக்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிங்கன்னு போட்டி வைக்கலாம். ஒருத்தரும் ஜெயிக்க மாட்டாங்க.”

பின்னால் நின்ற மாமனார் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அடுத்து வாயைத் திறப்பார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

“போன தடவையவிட வெளுத்திருக்கு. அதுக்கு முந்தின தடவையவிட அது வெளுத்திருந்துச்சு” என்றார் அதிகாரி. “அடுத்த பருவத்துக்குக் கலவைய முடிவு பண்ணப் போறோம். இன்னும் ஒரு தடவை கொண்டாங்க. அதுவும் நிக்கலேன்னா நாங்க கெமிக்கல் கலரையே போட்டுக்கறோம். அது நிக்குது. நான் என்ன பண்ண, எனக்கும் மேல ஆளு இருக்கு.”

வேனில் ஏறியதும் மாமனார் வாய் திறந்துகொண்டது.

“விசிறி! வீசுறதுக்குன்னு ஒண்ண வச்சுக்கிட்டு எல்லாரையும் வெளில வீசிக்கிட்டிருக்கான்.”

“அவர் என்ன பண்ணுவாரு மாமா? மஞ்சளச் செவப்புன்னு சொல்ல முடியுமா?”

“அதான பார்த்தேன். விட்டா நீயே அவனுக்கு வீசிவிடுவ.”

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

விஷயம் இதுதான். கோழிக்குத் தானாக நிறம் செய்யத் தெரியாது. தின்பதில் இருந்தால்தான் கருவில் வரும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது கோழிக்கும் பொருந்தும். அந்த நிறத்தைச் செய்யத் தெரிந்த ஒரு சிவப்பு ஈஸ்ட் உண்டு. அதைத் தொட்டியில் வளர்த்து, பொடியாக்கி, தீவனத்தில் கலக்கலாம். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அந்த ஈஸ்ட் தன் சிவப்பைத் தடித்த ஓட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும். ஓட்டை உடைக்காவிட்டால் கோழியின் குடலுக்குச் சிவப்பு கிடைக்காது. தின்றது தின்றபடியே பின்வழியாக வந்துவிடும். உடைத்தாலோ, காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுச் சிவப்பு பறந்துவிடும். “உடைக்கலேன்னா கோழிக்கு இல்ல, உடைச்சா நமக்கே இல்ல” என்பான் அவள் கணவன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு வழியை அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். கண்ணாடி மணிகள் நிரம்பிய அரைவையில் ஒரே ஒரு முறை ஓட்டுவான். காற்றின் வேலையைத் தடுக்கும் மருந்தை உடைப்பதற்கு முன்பே கலந்துவிடுவான். ஓடு பாதி திறந்தும் பாதி மூடியும் இருக்கும்போதே, கூழை உலர்த்திப் பொடியாக்கும் டிரையருக்கு அனுப்பிவிடுவான்.

மூன்று பேரும் வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள். விதை ஈஸ்டை வளர்த்து வைக்கும் கல்ச்சர் டியூபும் தொட்டியும் அரைவையும் அவனுக்கு. நிறத்தைப் பிரித்தெடுத்து அளப்பது அவளுக்கு. ஒரு பால்பவுடர் தொழிற்சாலையில் டிரையர் ஓட்டியே ஓய்வுபெற்ற மாமனாருக்கு இங்கேயும் டிரையர். ஊருக்கு வெளியே, லாரி பட்டறைக்கும் மரக்கடைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட வாடகை ஷெட். வெயிலில் கூரை படபடவென்று வெடிக்கும். இந்த ஈஸ்டுக்குச் சூடு ஆகாது என்பதால் தொட்டிக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். “நம்ம மூணு பேரும் வெந்தாலும் பரவாயில்ல, இவங்களுக்கு மட்டும் ஏ.சி.” என்று மாமனார் முணுமுணுப்பார்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவன் அப்படியே சரிந்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வீட்டில் சட்டையின் ஒரு கை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. இன்னொரு கை தீய்ந்திருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போய் முடிவதற்குள் அவள் ஷெட்டுக்குப் போய்விட்டாள். தொட்டியில் ஈஸ்ட் பாதி வளர்ந்து நின்றது. அது யாருக்காகவும் காத்திருக்காது. அன்றிலிருந்து அவன் வேலையும் அவளுக்கு வந்து சேர்ந்தது. முதல் இரண்டு தொட்டி நன்றாகவே வந்தது. பிறகு ஆரம்பித்தது இந்த வெளுப்பு.

ஷெட்டில் இறங்கியதும் அவள் நேராக டிரையர் பக்கம் போய்ச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

“என்ன பாக்கற?”

“இல்ல மாமா, வெளியேறுற காத்து சூடு ஜாஸ்தியா இருந்திருக்குமோன்னு…”

“ஜாஸ்தியா? முப்பது வருஷம் டிரையர் ஓட்டுனவன்கிட்ட சூடு ஜாஸ்தியான்னு கேக்கற. பாலையே கருகவிடாதவன் உன் ஈஸ்டக் கருக்கிருவேனா?”

“நான் கருக்கினீங்கன்னு சொல்லலியே.”

“சொல்லல. முள்ளப் பார்த்த. அது போதும்.”

அவள் அளந்து பார்த்தபோதெல்லாம் அரைவையிலிருந்து வரும் கூழிலேயே நிறம் குறைவாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் தெரிந்த மாதிரிதான் அவளுக்குத் தோன்றியது. ஓடு சரியாக உடையவில்லை. உடையாத ஓட்டுக்குள் இருக்கும் நிறம் அளவையில் வராது. ஆகவே அரைவையில் இரண்டாம் முறை ஓட்டினாள். அடுத்த தொட்டியில் இன்னும் குறைந்தது. மூன்றாம் முறையும் ஓட்டினாள். ஓட்ட ஓட்ட மணிகள் சூடேறின. அரைபட்டது காற்றோடு கலந்து நுரைத்தது. கைக்கு வரும்போது கொஞ்சம் சிவப்பாக இருப்பது, ஆலையின் அலமாரியில் சில வாரம் இருந்ததும் செங்கல்பொடியாகி, பிறகு மணலாகிவிடும்.

மருந்தை இரட்டிப்பாக்கினாள். அரைவையைக் கறுப்புத் துணியால் மூடினாள். பொடியை நைட்ரஜன் அடைத்த உறையில் போட்டாள். மாமனார் டிரையரின் சூட்டைக் குறைத்தார். பொடி ஈரம் பிடித்துக் கட்டிகட்டியாக வந்தது. சூட்டை ஏற்றினார், வெளுத்தது. ஜன்னலில் அட்டை ஒட்டினார்கள். அட்டை ஒட்டியதில் ஷெட் இருட்டாகி அவர் கால் தடுக்கி விழப் பார்த்தார்.

“கண்ணக் கட்டிக்கிட்டுக் கலர் தேடறோம்” என்றார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

எதுவும் நிற்கவில்லை. கடைசித் தடவைக்கான தொட்டியும் இறக்கியாயிற்று. கூழை அளந்தாள். முன்னதைவிடக் குறைவு. கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். திரும்பவும் அளந்தாள். அதே எண்.

“இன்னொரு தடவை அரைக்கணும்” என்றாள்.

“நாலாவதா? ஏம்மா, அதுல அரைக்க இன்னும் என்ன இருக்கு? மணியெல்லாம் தேஞ்சு மண்ணாவுது.”

“உடையல மாமா. உடைஞ்சா அளவு வரணும்ல?”

“மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்லுவாங்க. இங்க அத மாத்தி வச்சிருக்கு. நீ உடைச்சாலும் உடையாது. நான் காய வச்சா மட்டும் எல்லாம் கருகிப் போயிடும்.”

“நான் எப்ப உங்கள…”

“எப்பவும்தான்!” அவர் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. “டிரையரச் சந்தேகப்பட்டாச்சு. என் கையச் சந்தேகப்பட்டாச்சு. ஜன்னல், காத்து, தண்ணி, விசிறி, ஒண்ணு பாக்கியில்ல. உன் டியூப மட்டும் யாரும் சந்தேகப்படக் கூடாது. அது என்ன, சாமியா?”

அவளுக்கு முகம் சுட்டது. “டியூப்ல ஒண்ணுமில்ல. மைக்ராஸ்கோப்ல நானே பார்த்துட்டுத்தான் தொட்டியில விடறேன். வேற கிருமி எதுவும் கிடையாது.”

“அப்ப சரி. டிரையரத்தான் வித்துரணும்.”

அவர் வாயை அடைப்பதற்காகவே அவள் அதைச் செய்தாள். ஆராய்ச்சி மனப்பான்மை எல்லாம் ஒன்றுமில்லை, ஆத்திரம்தான். டியூபிலிருந்து துளியளவு எடுத்து, தண்ணீரில் கரைத்து, கரைத்ததை மேலும் கரைத்து, சத்துக்கூழ் ஊற்றிய தட்டுகளில் மெல்லப் பரப்பினாள். தட்டில் ஒவ்வொரு ஈஸ்டும் தனித்தனிப் புள்ளியாக வளரும். எல்லாப் புள்ளியும் சிவப்பாக நிற்கும். அவர் முகத்துக்கு நேரே காட்டலாம் என்பதுதான் கணக்கு.

சில நாள் கழித்துத் தட்டைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள்.

தட்டு நிறையப் பெரிது பெரிதாக வெளிறிய புள்ளிகள். பால் தெளித்த மாதிரி. அவற்றின் இடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிய சிவப்புப் புள்ளிகள். நெரிசலில் மாட்டிக்கொண்டவை மாதிரி ஒடுங்கிக் கிடந்தன.

வேறு கிருமி இல்லைதான். எல்லாம் ஒரே ஈஸ்டுதான், ஒரே உருவம்தான். மைக்ராஸ்கோப் என்ன செய்யும், அதற்கு நிறம் தெரியாது. நிறம் செய்கிற பாரத்தை எப்போதோ இறக்கிப் போட்டுவிட்ட சில ஈஸ்டுகள் பாரமில்லாததால் வேகமாகப் பெருகி, சுமந்துகொண்டிருந்தவற்றை ஓரங்கட்டிவிட்டன. கூழில் நிறம் குறைந்தது ஓடு உடையாததால் அல்ல. உள்ளே நிறமே இல்லாத ஓடுகளைத்தான் அவள் இரண்டு முறை, மூன்று முறை உடைத்துக்கொண்டிருந்தாள். அப்படி உடைத்ததில் மிச்சம் இருந்த சிவப்பையும் காற்றுக்குக் கொடுத்தாள். சிவப்பு நிற்கவில்லை, நிற்கவில்லை என்று இத்தனை நாள் துரத்தியது வீண். அது பிறக்கவே இல்லை.

இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கல்லூரியில் முதல் வருடத்துப் பாடம். டியூப் பழசாகும்போது தட்டில் பரப்பி, நல்ல சிவப்பாக உள்ள ஒரே ஒரு புள்ளியை ஊசி முனையில் எடுத்து, அதிலிருந்து மட்டும் புது டியூப் போட வேண்டும். மற்ற அனைத்தையும் கொன்றுவிட வேண்டும். அவன் அப்படித்தான் செய்வான். அவன் போனபின் அவள் அதைச் செய்யவில்லை. பழைய டியூபில் படர்ந்திருந்ததை மொத்தமாகச் சுரண்டிப் புது டியூபுக்கு மாற்றினாள். அதிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததற்கு. முதல் தடவை நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாம் தடவை தட்டுகள் கையில் இருந்தன, நேரமும் இருந்தது. அவன் கடைசியாகக் கைவைத்துப் போட்டதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொல்ல மனம் வரவில்லை. ஆகவே ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனாள்.

மாமனார் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஜெயித்த முகம் காட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“இந்த வெள்ளையெல்லாம்?”

“வெளுத்துப்போனது மாமா. டிரையர்ல தப்பில்ல.”

“அத விடு. இப்ப என்ன பண்ணப் போற?”

“செவப்பு ஒண்ண மட்டும் எடுத்து வளர்க்கணும். மத்த டியூப் எல்லாத்தையும் குக்கர்ல போட்டு அவிச்சுடணும். பக்கத்துல இருந்தா திரும்பக் கலந்துரும்.”

ஆட்டோகிளேவை அந்த ஷெட்டில் எல்லோரும் குக்கர் என்றுதான் சொல்வார்கள்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அவன் போட்டு வச்சதையும்?”

“அதுலேர்ந்து வந்ததுதான் மாமா எல்லாமே.”

“அப்ப அதுவும் அவன் போட்டதுதான்” என்றார் அவர். “அவிக்கக் கூடாது.”

இத்தனை நாள் டியூபைத் திட்டிய மனிதர். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை. “நீங்கதானே மாமா அது என்ன சாமியான்னு கேட்டீங்க?”

“கேட்டேன். கேட்டா அவிச்சுரணுமா?”

மறுநாள் ஷெட் ஃபிரிட்ஜில் பழைய டியூபுகள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், சமையலறை ஃபிரிட்ஜின் கதவில், முட்டை வைக்கிற குழிகளில், ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. முட்டைகள் காய்கறிப் பெட்டிக்கு இடம் மாறியிருந்தன.

“இங்க இருந்தா யாருக்கும் தொந்தரவில்லல்ல?” என்றார் கூடத்திலிருந்து, இந்தப் பக்கம் திரும்பாமலே.

தொந்தரவுதான். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் போய்வருகிற கைகள் நான்கே நான்கு. ஒரே கை அதையும் தொட்டு இதையும் தொட்டால் போதும். விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். கூடத்தில் அவருடைய வழுக்கைத் தலையின் பின்புறம் மட்டும் தெரிந்தது. ஃபிரிட்ஜை மூடிவிட்டு முகம் கழுவப் போனாள்.

தட்டில் இருந்தவற்றில் ஒரு சிவப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு ஒரு முழு முற்பகல் ஆயிற்று. குண்டூசித் தலையளவுகூட இல்லை. அதற்காகத் தட்டைத் திருப்பித் திருப்பி, இதுவா அதுவா என்று பார்த்தாள். பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசியில் ஒன்றைத் தொட்டாள். வளர்த்தாள். சின்னக் குடுவை, பெரிய குடுவை, பிறகு தொட்டி. அரைவையில் ஒரே ஒரு முறை. கூழ் வெளியே வந்தபோது அதன் சிவப்பு வாளியின் விளிம்பெல்லாம் தெறித்தது. மாமனார் கையை டிரையரில் வைத்தபடி எட்டிப் பார்த்தார்.  அன்று முழுக்க டிரையரை விட்டு நகரவில்லை. தேநீரைக்கூட அங்கேயே வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. பொடி ஆலையின் சூடான அலமாரியில் இருக்க வேண்டும். பிறகு தீவனத்தில் கலந்து கோழி தின்ன வேண்டும். கோழி முட்டையிட வேண்டும். கோழியை அவசரப்படுத்த யாராலும் முடியாது. ஆலைக்குத் தினமும் போன் செய்தாள். “கோழி இன்னும் யோசிச்சுட்டிருக்கு மேடம்” என்று அதிகாரி ஒருநாள் சொன்னார். போனை வைத்துவிட்டு, தேவையில்லாமல் வேன் கதவை இரண்டு முறை அடித்துச் சாத்தினாள்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே ஒற்றை நாற்காலி. அதிகாரி முட்டையை உடைத்து ஊற்றினார். கரு தட்டில் உருண்டு நின்றது. விசிறியை விரித்தார். மஞ்சளைத் தாண்டினார். ஆரஞ்சுக்கு வந்தார். ஆரஞ்சில் இன்னும் இரண்டு அட்டை போனார். நின்றார். திரும்ப ஓர் அட்டை பின்னால் வந்தார்.

“நிக்குது” என்றார். “அலமாரியில வச்ச பொடியும் அப்படியே இருக்கு. ஆனா நாங்க கேட்டதுக்கு ஓர் அட்டை குறைவு.”

“அளவு கொஞ்சம் கூட்டிப் போட்டா வந்துரும் சார்.”

“வரும். அது பெரிசில்ல.” விசிறியை மடக்கினார். “எனக்கு வேற பயம். ஆரம்பத்துலயும் நல்லாத்தான் குடுத்தீங்க. அப்புறம் தொட்டிக்குத் தொட்டி வெளுத்துச்சு. இது திரும்ப வெளுக்காதுன்னு என்ன நிச்சயம்? கெமிக்கல் கலர் டப்பாவுல என்னிக்கும் ஒரே செவப்பு. உங்களுது உசிருள்ளதுலேர்ந்து வர்றது, அது இஷ்டத்துக்கு ஆடுது. மேல நான் என்ன சொல்லட்டும்?”

அவளுக்குப் பதில் தெரியும். வெளுத்தது எதனால், அதை எப்படி நிறுத்தியிருக்கிறாள், எல்லாம் தெரியும். ஆனால் நிறுத்தியாயிற்று என்று சொல்ல முடியாது. வீட்டு ஃபிரிட்ஜின் முட்டைக் குழிகள் அவள் கண்ணுக்குள் நின்றன. இந்த அறையில் பொய் சொல்லி, அடுத்த பருவத்தின் நடுவில் ஆயிரக்கணக்கான கோழிகள் வெளுத்த முட்டை இட்டால், அதற்குப்பின் அவன் கண்டுபிடித்த வழியை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 

பின்னால் மாமனார் செருமினார். இம்முறை அவள் திரும்பவில்லை.

“வெளுக்காது சார்” என்றார் அவர். “பழைய டியூபு ஒண்ணு விடாம அவிச்சுக் கொட்டியாச்சு. இனிமே மாசா மாசம் பொறுக்கித்தான் போடுவோம். செவப்பு மட்டும்.”

“எல்லாத்தையுமா ஐயா?” என்றார் அதிகாரி.

“எல்லாத்தையும்” என்றார் மாமனார்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மொத்தத் தீவனத்துக்கும் தர முடியாது. ஒரு கோழிக் கொட்டகைக்குப் போடறோம். இந்தப் பருவம் அது நின்னா, அடுத்த பருவம் பேசுவோம்.”

ஒரு கொட்டகை. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரே ஒரு கொட்டகை. வேன் வரைக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கேட்கிற ஒப்பந்தம் முழுசாகக் கிடைக்காதாம். வந்த நிறமும் ஓர் அட்டை குறைவாம். மாமனார் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“முதல்ல வீட்டுக்குப் போ” என்றார்.

வீட்டு வாசலில் அவள் இறங்கவில்லை. அவர் உள்ளே போய், துண்டில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணாடிகள் மெல்ல மோதிக்கொண்டன. “பார்த்துப் போம்மா” என்றார் ஒரே ஒரு முறை.

ஷெட்டில் குக்கரைத் திறந்ததும், டியூபுகளைக் கம்பிக் கூடையில் அடுக்கியதும், மூடியின் திருகுகளை எதிரெதிராக இறுக்கியதும் அவர்தான். அவள் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துச் சுவிட்சைப் போட்டாள். அழுத்தம் ஏறி ஆவி சீறத் தொடங்கியபோது, வெந்த ஈஸ்டின் வாசனை ஷெட் முழுக்கப் பரவியது.

“ரொட்டிக்கடை மாதிரி இருக்கு” என்றார் அவர்.

“ம்.”

“அவன் இருந்தப்பவும் இப்படி வாசம் வருமா?”

“மாசத்துக்கு ஒரு தடவை வரும் மாமா. ஒண்ணப் பொறுக்கிட்டு மத்ததையெல்லாம் அவர் அவிச்சுடுவாரே.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “அவனேவா? எனக்குத் தெரியாதே.”

“நீங்க டிரையர்கிட்ட இருப்பீங்க. அந்த இரைச்சல்ல என்ன தெரியும்?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழுத்த முள் இறங்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அவள் அடுத்த மாதத்துக்காகப் பரப்பி வைத்திருந்த புதுத் தட்டுகளை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். ஜன்னலில் ஒட்டிய அட்டையை ஒரு மூலையில் கிழித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. விளிம்போரம், சிவப்புகளுக்கு நடுவே, பெரிதாக, கொழுகொழுவென்று, வெளுத்தது ஒன்று.

“சனியன்!”

“என்னாச்சு?”

“அதுக்குள்ள ஒண்ணு வந்துருச்சு மாமா.”

“வரத்தான் செய்யும்” என்றார் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தபடி. “தள்ளிப் பொறுக்கு. நான் போய் டிரையரக் கழுவறேன்.”

அவள் ஊசியை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, அந்த வெளுத்ததிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பொறுக்கலாம் என்று பார்த்துக்கொண்டு குனிந்தாள்.